கதவைத் திறந்து வைத்த வீடு

ஊசிமேடு என்ற மலையின் தோளில் நான்கு மரவீடுகள் இருந்தன. மரம் வெட்ட வந்த மனிதர்கள் கட்டியவை. வெட்டுகிற வேலை நின்றதும் அவர்கள் பெட்டி படுக்கையோடு இறங்கிப் போய்விட்டார்கள். வீடுகளைப் பூட்டக்கூட இல்லை. பூட்டியிருந்தாலும், காட்டுப்பன்றி முண்டி இருக்கிற மலையில் பூட்டு எத்தனை நாள் நிற்கும்?

முண்டி, அவளுடைய ஆறு குட்டிகள், கடமான் நெடுங்காலன், முயல் பஞ்சி, மலையணில் வாலழகன் எல்லோரும் அங்கேதான் வாழ்ந்தார்கள். நான்கு வீடுகளிலும் அல்ல, ஒரே ஒரு வீட்டில். மற்ற மூன்றும் காலியாகவே கிடக்கும்.

அது அவர்கள் வைத்திருந்த முறை. ஒரு வருஷம் ஒரு வீடு. மழைக்காலம் முடிந்து வெயில் எட்டிப் பார்க்கும்போது எல்லோரும் அடுத்த வீட்டுக்குக் குடி மாறுவார்கள். விட்டு வந்த வீட்டுக்கும் அதைச் சுற்றியிருக்கும் சரிவுக்கும் அன்றிலிருந்து ஓய்வு. அங்கே யாரும் மேயக்கூடாது, கிளறக்கூடாது, பட்டை உரிக்கக்கூடாது. கடைசியாக வெளியே வருகிறவர் வீட்டுக் கதவை விரியத் திறந்து, ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அப்போதுதான் காற்றும் வெயிலும் உள்ளே போய் மரத்தில் ஏறியிருக்கும் ஈரத்தைக் காய வைக்கும்.

புது வீட்டு வாசலில் நின்று ஒருவர், "கதவைத் திறந்து வச்சாச்சா?" என்று கேட்பார். மற்றவர்கள் "திறந்தாச்சு" என்பார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே கால் வைப்பார்கள்.

நான்கு வீட்டுச் சரிவுகளும் வந்து சேருகிற பள்ளத்தில் ஓர் ஊற்று இருந்தது. கோடையிலும் நிற்காத ஊற்று. அது ஏன் நிற்பதில்லை என்று யாரும் யோசித்ததில்லை. நிற்காத ஒன்றைப் பற்றி யார்தான் யோசிக்கிறார்கள்?

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முண்டிக்கு ஒரு குறை இருந்தது. நியாயமான குறை.

வீட்டுக்குள் படுக்கிற இடம் என்று வரும்போது, வாசல்தான் அவளுக்கு. சேற்று வாடை அடிக்கிறதாம். முதல் வருஷம் வாலழகன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலைக் காட்டினான். அவளும் போய்ப் படுத்தாள். அப்புறம் எத்தனையோ வீடு மாறியும் வாசல் மட்டும் அவளுக்கென்றே ஆகிவிட்டது. வாலழகன் மேலே உத்தரத்தில் சுகமாக இருப்பான். நெடுங்காலனுக்கு உள்சுவர் ஓரம். பஞ்சி அவன் வயிற்றுச் சூட்டில் சுருண்டுகொள்வாள். கதவிடுக்கில் வருகிற வாடைக்காற்றெல்லாம் முண்டியின் முதுகுக்கும் அவள் குட்டிகளுக்கும்தான்.

தனக்காக அவள் வருத்தப்பட்டதில்லை. பன்றித் தோல் எதையும் தாங்கும். ஆனால் கடைக்குட்டிக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பனி இறங்கினால் இருமத் தொடங்கும். விலா எலும்பு தெரிய இருமும். மற்ற ஐந்தும் தாய்மடியில் முட்டி மோதும்போது அது மட்டும் ஒதுங்கிக் கிடக்கும். முண்டி அதைப் பார்த்துப் பார்த்து மனசுக்குள் வெந்தாள். வாயைத் திறந்து கேட்கத்தான் இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு குடிமாற்று நாள் வந்தது. எல்லோரும் மூட்டை முடிச்சோடு, அதாவது வாலழகனின் கொட்டைகளோடு, புறப்பட்டார்கள். வாலழகன் பாதி வழியில் ஒரு கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"நாலு வீடு இருக்கு. நாம நாலு குடும்பம். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டா என்ன குடிமுழுகிடும்? மூணு வீட்டைச் சும்மா போட்டுட்டு ஒரே வீட்டுல இடிச்சுக்கிட்டுக் கிடக்குறோம். அண்ணனோட கொம்பு உத்தரத்துல மோதுற மோதுல எனக்குத் தூக்கமே இல்ல."

நெடுங்காலன் அசை போடுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். அவனுக்கும் கொம்பை நிமிர்த்தி வைக்க ஓர் இடம் வேண்டும் என்று ஆசைதான். பஞ்சி மட்டும் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கும் என்று முனகினாள். அவள் முனகலை யார் கேட்டார்கள்? எல்லோரும் முண்டியைத்தான் பார்த்தார்கள். அவள் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம்தான் முடிவு. உடம்பும் அப்படி, பேச்சும் அப்படி.

முண்டி கடைக்குட்டியைப் பார்த்தாள். அது இருமிக்கொண்டிருந்தது.

"தனித்தனியாவே போவோம்," என்றாள்.

அன்றைக்கு யாரும் கதவைத் திறந்து வைக்கவில்லை. யாரும் யாரிடமும் கேட்கவும் இல்லை.

முதல் சில மாதங்கள் முண்டிக்குச் சொர்க்கமாக இருந்தன. காற்று நுழையாத மூலையில் சருகு பரப்பி ஆறு குட்டிகளையும் அணைத்துக்கொண்டு படுத்தாள். கடைக்குட்டியின் இருமல் நின்றது. அது கொழுகொழுவென்று ஆகி, அண்ணன்களையே முட்டித் தள்ளியது. எடுத்த முடிவு சரிதான் என்று அவள் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

அவள் வீட்டைச் சுற்றிக் கிழங்கு ஏராளம். பல வருஷம் ஓய்வெடுத்த மண் அல்லவா, மூக்கை வைத்தால் போதும், பொலபொலவென்று உதிர்ந்தது. தாயும் பிள்ளைகளும் சரிவு முழுக்கக் கிளறித் தீர்த்தார்கள். நெடுங்காலன் தன் சரிவில் புல்லை வேர்வரை மேய்ந்து, மேய்ந்த இடத்திலேயே நடந்து நடந்து தரையைக் களம் போல இறுக்கிவிட்டான். வாலழகன் தன் வீட்டைச் சுற்றியிருந்த மரங்களில் பட்டையை உரித்துக் கூடு கட்டினான். ஒன்று போதாதென்று ஒன்பது கட்டினான். உரித்த மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின.

பஞ்சிதான் பாவம். பெரிய வீட்டில் ஒற்றையாக நடுங்கிக்கொண்டு, வாசலுக்கு வெளியே எட்டுகிற புல்லை மட்டும் கொறித்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

மழை வந்தது. முன்பெல்லாம் ஊசிமேட்டில் மழை பெய்தால் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போகும். இந்த முறை செம்மண் கரைந்து ஓடியது. சரிவுகளில் வாய்க்கால் வாய்க்காலாகக் கீறிக்கொண்டு அடிவாரத்தை நோக்கிப் பாய்ந்தது. மலையே நனைந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். மேல்தோல்தான் நனைந்தது என்பது கோடையில் தெரிந்தது.

கோடையில் ஊற்று மெலிந்தது. விரல் கனத்தில் வந்த தண்ணீர் நூலானது. நூலும் அறுந்து, பிறகு சொட்டியது.

ஊற்றடியில் சண்டை பிறந்தது. நெடுங்காலன் ஒரே இழுப்பில் குடித்துவிடுகிறான் என்று வாலழகன் குறை சொன்னான். பன்றிக் குட்டிகள் ஊற்றுக்குள் புரண்டு கலக்குகின்றன என்று நெடுங்காலன் சொன்னான். பஞ்சி எல்லோரும் போன பிறகு வந்து ஈர மண்ணை நக்கிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் நெடுங்காலன், தான் கீழே இறங்கிப் போய்த் தண்ணீர் தேடப்போவதாகச் சொன்னான். கீழே என்றால் தேயிலைத் தோட்டம், நாய்கள், வேலியோரம் மறைத்து வைத்த சுருக்குக் கம்பி. முண்டியின் தாய் அப்படி ஒரு கம்பியில்தான் போனாள். கம்பி இறுக இறுக அவள் கத்திய கத்தல் முண்டிக்கு இன்னும் காதில் இருந்தது. ஊற்று நின்றுவிட்டால் ஆறு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு அந்த வழியில்தான் அவளும் இறங்க வேண்டும்.

"இறங்க மாட்டேன்," என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "தண்ணி எங்க போச்சுன்னு தோண்டிப் பாத்துடுறேன்."

பன்றிக்குப் பிடிவாதத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முதலில் ஊற்றைத் தோண்டினாள். கல்தான் வந்தது. தன் சரிவைத் தோண்டினாள். மேலே புழுதி, கீழேயும் புழுதி. நெடுங்காலனின் சரிவில் மூக்கு நுழையவே இல்லை. வாலழகனின் சரிவில் வேர்கள் காய்ந்து ஒடிந்தன.

கடைசியாகப் பஞ்சியின் வீட்டுக்குப் பின்னால் போனாள். அங்கே இடுப்பளவு புல் நின்றது. மூக்கை ஒரு முட்டு முட்டினாள். மண் குளிர்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் மூக்கு நனைந்தது.

முண்டி அப்படியே நின்றுவிட்டாள். யாரும் மேயாத, யாரும் கிளறாத சரிவு இது ஒன்றுதான். இங்கே பெய்த மழை இங்கேயே இறங்கியிருக்கிறது. ஊற்றில் இன்னும் சொட்டுகிற சொட்டு இங்கிருந்து போவதுதான். முன்பெல்லாம் மூன்று சரிவுகள் இப்படி மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தன. சும்மா கிடக்கின்றன என்று அவர்கள் நினைத்த மூன்று வீடுகளும் சும்மா கிடக்கவே இல்லை.

அந்த முறையை உடைத்தது யார்? யோசனை சொன்னது வாலழகன். முடிவு சொன்னது அவள்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் குட்டிகளுக்குத் தாகம் அடங்குமா?

ஊற்றடிக்கு எல்லோரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். பழையபடி ஒரே வீட்டுக்குப் போய்விடலாம், பஞ்சியின் வீடு இருக்கிறது, அங்கே அளவாக மேய்ந்துகொண்டு மற்ற மூன்றுக்கும் ஓய்வு கொடுப்போம் என்றாள்.

வாலழகன் சிரித்தான். "மலையைத் தோண்டித் தோண்டிக் கெடுத்தது யாரு? நீதானேக்கா. நீ வேணா வீட்டை விட்டுப் போ. என் ஒன்பது கூட்டை விட்டுட்டு நான் வரமாட்டேன்."

நெடுங்காலன் அடிவாரப் பாதையில் இறங்கிப் போனான்.

முண்டி வீட்டுக்குத் திரும்பினாள். அந்தக் கதகதப்பான மூலையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குட்டிகளை வெளியே அனுப்பிவிட்டு, கதவை விரியத் திறந்து, கல்லை முட்டுக் கொடுத்தாள். பஞ்சியின் வாசலில் போய் நின்றபோது, தனிமையில் ஒரு வருஷத்தைக் கழித்த அந்த முயலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கதவைத் திறந்து வச்சாச்சா?" என்று பஞ்சி கேட்டாள்.

"திறந்தாச்சு," என்றாள் முண்டி. ஆறு குட்டிகளும் கூடவே சொல்லின.

மறுநாளே வேலை தொடங்கியது. தோண்டிக் கெடுத்த மூக்கினாலேயே சரி செய்வது என்று அவள் தீர்மானித்திருந்தாள். தன் சரிவில் குறுக்கே ஒரு நீளப் பள்ளம், அதற்குக் கீழே தள்ளிய மண்ணால் ஒரு வரப்பு. அதற்கும் கீழே இன்னொரு பள்ளம். ஓடி வருகிற மழைத்தண்ணீர் ஒவ்வொரு வரப்பிலும் நின்றுதான் போக வேண்டும். குட்டிகள் சின்ன மூக்குகளால் மண்ணைத் தள்ளின. பஞ்சி புல் விதைகளைக் கொண்டுவந்து வரப்பில் தூவினாள். வெயில் முதுகைச் சுட்டது. முண்டியின் மூக்கு தோலுரிந்து ரத்தம் கசிந்தது. வாலழகன் கிளையில் உட்கார்ந்து, பன்றி விவசாயம் பண்ணுகிறது என்று கேலி செய்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நெடுங்காலன் சில நாளில் திரும்பி வந்தான். பின்னங்காலில் கம்பி அறுத்த காயம். தப்பியதே பெரிய விஷயம். நொண்டிக்கொண்டே நேராகத் தன் வீட்டுக்குப் போய்க் கதவைக் கொம்பால் தள்ளித் திறந்து வைத்தான். பிறகு பஞ்சியின் வீட்டுக்கு வந்தான்.

அன்று படுக்கிற நேரத்தில் ஒரு சங்கடம் வந்தது. நெடுங்காலன் பழக்கதோஷத்தில் உள்சுவர் ஓரமாகப் போனான். பஞ்சி அவன் வயிற்றருகே ஒண்டினாள். வாசல்தான் மிச்சம். எல்லோரும் முண்டியைப் பார்த்தார்கள்.

முண்டி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"வீடு வருஷா வருஷம் மாறுது. வாசல் மட்டும் ஏன் மாறல? என் பிள்ளை இருமி இருமிச் செத்துப் பொழைச்சுது. அதுக்குத்தான் நான் தனியாப் போனேன். இனிமே வாசல்ல ஆளுக்கொரு முறை படுக்கணும். இல்லன்னா நான் வெளிய மரத்தடியில படுத்துக்கிறேன்."

நெடுங்காலன் தலை குனிந்தான். "அப்பவே கேட்டிருக்கலாமே, முண்டி."

"கேக்காதது என் தப்பு. கண்ணு முன்னால இருமிக்கிட்டுக் கிடந்ததைப் பாக்காதது உங்க தப்பு. ரெண்டையும் சேத்துச் சரி பண்ணுவோம்."

நெடுங்காலன் எழுந்து, நொண்டி நொண்டி வாசலுக்குப் போய்ப் படுத்தான். அவன் உடம்பு வாசல் முழுவதையும் அடைத்துக்கொண்டது. காற்று என்ற பேச்சே இல்லை. கடைக்குட்டி உள்மூலையில் மல்லாந்து தூங்கியது.

மறுநாளிலிருந்து அவனும் வேலையில் சேர்ந்தான். இறுகிக் கிடந்த தன் சரிவை அவன் கொம்பால் கீறிக் கொடுக்க, முண்டி அங்கேயும் வரப்பு போட்டாள். விழுந்த கிளைகளைக் கொம்பில் கோத்து இழுத்து வந்து, மண் கரையாமல் வரப்புகளுக்கு முன்னால் அடுக்கினான். ஊற்றில் சொட்டிய தண்ணீரைக் குட்டிகள் முதலில், பெரியவர்கள் பிறகு என்று பங்கிட்டுக் குடித்தார்கள். கோடையை அப்படித்தான் கடந்தார்கள்.

மழை வந்தது. பேய் மழை. முண்டியின் சரிவிலும் நெடுங்காலனின் சரிவிலும் தண்ணீர் ஒவ்வொரு வரப்பாக நின்று, தெளிந்து, உள்ளே இறங்கியது. ஓரிரு வரப்பு உடைந்தது. குட்டிகள் மழையிலேயே ஓடிப்போய் அடைத்தன.

வாலழகனின் சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லை. பட்ட மரங்கள் சாய்ந்தன. ஒன்பது கூடுகளும் மரங்களோடு போயின. சேறு சரிந்து வந்து வீட்டு வாசலை முட்டியது. வாலழகன் ஜன்னல் வழியாகத் தாவித் தப்பினான்.

பஞ்சியின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பெருமைப்பட்ட வால் நனைந்த கயிறு மாதிரி தொங்கியது. மூக்கு முதல் முதுகு வரை சேறு. சேற்று வாடை.

இப்போது முண்டி என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலைக் காட்டியிருக்கலாம். அந்த நினைப்பு அவளுக்கு வராமலும் இல்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கதவைத் திறந்து வச்சாச்சா?"

வாலழகன் சரிந்து கிடக்கும் தன் சரிவைத் திரும்பிப் பார்த்தான். கொட்டுகிற மழையில் இறங்கித் திரும்பப் போனான். கதவுக்கு முன்னால் குவிந்திருந்த சேற்றை அவன் சின்னக் கைகளால் வாரி வாரிப் போடுவது இங்கிருந்தே தெரிந்தது. முண்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பொறுக்க முடியாமல் தானும் இறங்கிப் போய் ஒரே முட்டில் சேற்றைத் தள்ளினாள். இருவரும் சேர்ந்து கதவைத் திறந்து, கல்லை வைத்துவிட்டு வந்தார்கள்.

"திறந்தாச்சு," என்றான் வாலழகன், வாசலில் நடுங்கிக்கொண்டே.

"அப்ப உள்ள வா. இன்னைக்கு வாசல் என் முறை," என்றாள் முண்டி.

அடுத்த கோடையில் ஊற்று மெலிந்தது. ஆனால் நிற்கவில்லை. அதற்கடுத்த கோடையில் மெலியக்கூட இல்லை. மூன்று வீடுகள் கதவைத் திறந்துகொண்டு வெயில் காய்ந்தன. அவற்றின் சரிவுகளில் புல் எழுந்தது. வாசலில் படுப்பது ஒவ்வொருவர் முறையாகச் சுற்றி வந்தது. வாலழகனின் முறை வரும்போது மட்டும் காற்று கொஞ்சம் தாராளமாகவே உள்ளே வரும். அவன் வாலை அகல விரித்துத் தடுத்துப் பார்ப்பான். முடியாதபோது, வளர்ந்து வாட்டசாட்டமாகிவிட்ட கடைக்குட்டி போய் அவன் பக்கத்தில் படுத்து அடைத்துக்கொள்ளும்.

சேர்ந்து வாழும் இடத்தில் குறை இருந்தால் அந்தக் குறையை வாய்விட்டுச் சொல்லி மாற்ற வேண்டுமே தவிர, சேர்ந்து வாழ்வதையே உடைத்து ஆளுக்கொரு பங்காக எடுத்துக்கொண்டால், எல்லோருக்கும் போதுமாக இருந்தது கடைசியில் ஒருவருக்கும் இல்லாமல் போய்விடும்.